குவைத் குடித்த தண்ணீர்

ஆறும் ஏரியும் இல்லாத, மழையும் அரிதாகவே பெய்கின்ற குவைத் நகரம், தொடக்கத்தில் ஆழமில்லாத சில கிணறுகளை மட்டுமே நம்பியிருந்தது. மக்கள்தொகை பெருகி அந்த ஊற்றுகள் உப்பேறியபோது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ஈராக்கின் ஷத்-அல்-அரபு ஆற்றில் நீர் நிரப்பிக்கொண்டு வந்த பாய்மரக் கப்பல்களே நகரின் தாகத்தைத் தீர்த்தன. முத்துக் குளிக்கும் கடலை முன்னால் வைத்துக்கொண்டு, குடிநீரை இன்னொரு நாட்டு ஆற்றிலிருந்து வாங்கிய அந்த நிலை எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. கரையில் இறக்கிய நீரைத் தோல்பைகளிலும் தகர டப்பாக்களிலும் சுமந்து, வீடு வீடாக விற்றார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் நகரம் காத்திருக்க வேண்டியதுதான். 1939-இல் இந்தக் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஒரு நிறுவனமே தொடங்கப்பட்டது.

எண்ணெய்ப் பணம் வந்தபின் நிலை மாறியது. 1953-இல் நாளொன்றுக்குப் பத்து லட்சம் காலன் நீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. கடல்நீரைச் சூடாக்கி, அழுத்தம் படிப்படியாகக் குறையும் அறைகளுக்குள் செலுத்தி, திடீரென எழும் ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் முறை பின்னர் இங்கேதான் பெரிய அளவில் வேரூன்றியது. இம்முறைக்கு எரிபொருள் மிகுதியாகத் தேவை என்பதால், எண்ணெய் வளமில்லாத நாடுகளுக்கு இது எளிதில் கட்டுப்படியாகாது. 1960-இல் வடக்கே ரவ்தத்தைன் பகுதியில் நிலத்தடி நன்னீர் கண்டறியப்பட்டாலும், சார்ந்திருப்பது கடலைத்தான்.

சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் குவைத் கோபுரங்கள், 1979-இல் திறக்கப்பட்டவை, உண்மையில் தண்ணீர்த் தொட்டிகளே. வளைகுடாவில் அதைச் சொன்னால், புதிதாக வந்த நம்மூர்க்காரர்கள் பலர் நம்புவதில்லை.