போர் தண்ணி ஊரில் கோட்டிங் விற்பது

வேலூரில் ஒரு கார் டீட்டெயிலிங் கடையில் வேலை பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. "வாட்டர் சர்வீஸா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும். கழுவுவதோடு பெயின்ட்டில் இருக்கிற கீறலைத் தேய்த்து எடுத்து, மேலே பாதுகாப்புக்குக் கோட்டிங் பூசுவதும் எங்கள் வேலை.

கடையில் பாலிஷ் மெஷின் பிடிக்கிறவர்கள் வேறு. வருகிறவரிடம் பேசி, காரைச் சுற்றிப் பார்த்து, இதுக்கு இது போதும் என்று சொல்லி எஸ்டிமேட் போடுவது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் வாய் வேலை. அதனால்தான் இந்தத் தொழில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்பதைத் தினமும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் விலைப்பட்டியலைப் பார்த்தால் நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட். ஒவ்வொன்றின் கீழும் நீளமாக ஒரு வரிசை. அதில் பாதி எல்லா பேக்கேஜிலும் வருவதுதான்: ஃபோம் வாஷ், டயர் டிரெஸ்ஸிங், டேஷ்போர்டு பாலிஷ். கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் உண்மையான வித்தியாசம், பெயின்ட்டில் இருக்கிற கீறலை எத்தனை கட்டமாகத் தேய்த்து எடுக்கிறார்கள், அதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்பதில்தான். பட்டியலில் அது ஒரே வரி. ஏனென்றால் அதைக் காட்ட முடியாது. பானட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவதை மொபைலில் எடுத்துப் போடலாம். ஒரு ஆள் நாள் முழுக்க ஒரே கதவோடு மல்லுக்கட்டுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இந்த முத்துத் தண்ணீர் வீடியோ எங்கள் தொழிலின் முகம் ஆகிவிட்டது. கோட்டிங் சப்ளை செய்கிறவர்கள் அனுப்புவார்கள், கடைக்காரர்கள் ஸ்டேட்டஸில் வைப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட்டின் மேல் பூசுகிற, கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு. அது போட்ட பெயின்ட்டில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் இது வேலூர். வீட்டு வாசலில் டியூப் பிடித்துக் கார் கழுவுகிறவர்களில் பெரும்பாலோருக்கு போர் தண்ணிதான். பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் புரண்டு போனால் அதையே வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்போம். நிலத்தடியில் இருந்து வருவது சுண்ணாம்பும் மெக்னீசியமும் கலந்த உப்புத் தண்ணி. வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்கு.

கோட்டிங் இல்லாத பானட்டில் இந்தத் தண்ணீர் பரவி, மெல்லிய படலமாகக் காயும். கோட்டிங் போட்ட பானட்டில் துளித்துளியாக நிற்கும். ஒவ்வொரு துளியும் தன்னிடம் உள்ள உப்பு முழுவதையும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டுக் காயும். மே மாதத்தில், நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயிலில், கருப்பு காரின் பானட்டில் அது நடக்கச் சில நிமிஷம் போதும். வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. உடனே கவனித்தால் அதற்கென்று இருக்கிற அமிலக் கலவையைத் தடவித் துடைத்தால் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் கோட்டிங்கையே அரித்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மெஷின் போட வேண்டும். மெஷின் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் சேர்ந்து போகும்.

ஆக, எந்தக் காட்சியைக் காட்டிக் கோட்டிங் விற்கிறோமோ, அதே காட்சிதான் ரெண்டு மாதம் கழித்து அந்த மனுஷனைக் கோபத்தோடு திரும்ப அழைத்துவருகிறது. "இவ்ளோ துட்டு குடுத்து போட்டேன், அம்மை போட்ட மாதிரி இருக்கு பாருங்க." பக்கத்தில் கோட்டிங்கே போடாத அவர் மச்சான் கார் பளிச்சென்று நிற்கும். இந்த வெறுப்பை எந்த பிளாட்டினமும் சரிக்கட்டாது.

அதனால் நான் முதலில் கேட்பது மூன்று விஷயம். கார் எங்கே நிற்கிறது, யார் கழுவுகிறார்கள், எந்தத் தண்ணி. கவுன்ட்டரில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கிறேன், வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர்கள் காட்டுவார்களே, அதுவேதான். அது கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பை மட்டும் தனியாகச் சொல்லாது. இருந்தாலும் குடிக்கிற தண்ணீரில் ஒரு தடவை, போர் தண்ணீரில் ஒரு தடவை முக்கிக் காட்டினால், எண் ஏறுகிற வேகத்தைப் பார்த்து ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சத்துவாச்சாரியில் இருந்து வந்த ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "நாங்க தண்ணிய வேஸ்ட் பண்றதே இல்ல சார். ஆர்ஓவுல வெளிய போற தண்ணிய பிடிச்சு வெச்சு காருக்கு ஊத்துறோம்." நல்ல மனசு. ஆனால் அந்தத் தண்ணீரில்தான் வடிகட்டின உப்பு எல்லாம் திரண்டு கிடக்கிறது. அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணி, நிழலில் நிறுத்தி, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் கோட்டிங் வேண்டாம், பாலிஷ் போட்டு மெழுகு பூசிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

கோட்டிங்கின் உண்மையான லாபம் வேறு. பறவை எச்சம், புளியமரத்தடிப் பிசுக்கு, ஹைவே தூசி எல்லாம் பெயின்ட்டில் சீக்கிரம் பிடிக்காது, கழுவினால் லேசாக வந்துவிடும். குறைவாகத் தேய்த்தால் குறைவாகக் கீறல் விழும். அவ்வளவுதான். இது வீடியோவுக்கு ஆகாத விஷயம்.

9எச் என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கடை போர்டிலும் பார்க்கலாம். கேட்கிறவர் வைரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார். அது பென்சில் சோதனை. மேற்பரப்பில் வெவ்வேறு கடினமான பென்சில்களை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். 9எச் பென்சில் கீறவில்லை என்றால் 9எச். கனிமங்களுக்கு வைக்கிற மோஸ் அளவு வேறு கணக்கு. அதில் வைரம் பத்து, குவார்ட்ஸ் ஏழு. நம் ஊர் மண்ணில் குவார்ட்ஸ் துகளுக்குப் பஞ்சமே இல்லை. காய்ந்த துணியை வைத்துத் தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் எந்த 9எச்சிலும் கீறல் விழும். கோட்டிங்கின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கல் அடிக்குத் தாங்க வேண்டும் என்றால் பிபிஎஃப் என்கிற பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும், அந்த ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான். ரெண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து, ரெண்டுக்கும் 'பாதுகாப்பு' என்று தலைப்பு போட்டால் வாங்குகிறவர் விலை குறைந்ததைத்தான் கேட்பார்.

டெஃப்லான் கோட்டிங் கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பொருள் உருகவே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் சூளையில் சுட்டுப் பிடிக்க வைக்கிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைத்தால் பம்பர் மிஞ்சாது. காருக்குப் போடுவது துடைத்துப் பூசுகிற ஒரு சீலன்ட், சில மாதம் நிற்கும். இதைச் சொன்னால் "போன கடையில அப்படிச் சொல்லலையே" என்பார்கள். அந்தக் கடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை.

பாதி பானட்டை டேப் ஒட்டிப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டுக் காட்டுவது பழைய வழி. எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. சில பாலிஷ்களில் இருக்கிற எண்ணெய் கீறலுக்குள் போய் அடைத்துக்கொண்டு கண்ணை ஏமாற்றும். ரெண்டு மூன்று வாஷில் கீறல் மறுபடி தலைகாட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு, விளக்கை அணைத்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளி அதே இடத்தைக் காட்டினால்தான் வேலை வேலையாகத் தெரியும். கூரையில் இருக்கிற அறுகோண எல்இடி விளக்கில் எந்தக் காரும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும்.

விலை சொல்வதற்கு முன்னால் பெயின்ட் கனம் அளக்கிற கேஜை ஒவ்வொரு பகுதியாக வைத்துக் காட்டுவேன். கம்பெனி பெயின்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் வரும். அதில் கலருக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50. ஒவ்வொரு தடவை மெஷின் போடும்போதும் கொஞ்சம் கரையும், திரும்ப வளராது. இதைப் புரிந்துகொண்டவர் "வருஷா வருஷம் பாலிஷ் போடுங்க" என்று கேட்க மாட்டார். ஒருமுறை விஐடி மாணவர் ஒருவர் புதிதாக வாங்கிய பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். டிரைவர் பக்கக் கதவில் எண் முந்நூறைத் தாண்டியது. "இந்தக் கதவு ரீபெயின்ட், தம்பி" என்றேன். பாலிஷ் பேச்சு அங்கேயே நின்றது. என் கண் முன்னாலேயே காரை விற்றவருக்கு போன் போட்டுவிட்டார்.

லெதர் சீட் கதை தனி. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் தொழில் நடக்கிற பகுதியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க கண்டிஷனர் தோலின் துவாரத்துக்குள்ளே போய் ஊட்டம் கொடுக்கும்" என்று பாட்டிலில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிப்பதற்குத் தைரியம் வேண்டும். எங்கள் கடைக்குப் புதிதாக வந்த பையன் அதை மேல்விஷாரத்தில் இருந்து வந்த ஒரு பாயிடம் ஒப்பித்தான். பாய் சிரிக்கவில்லை. பின் சீட்டில் கட்டைவிரலை அழுத்தித் தடவினார், நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கி விட்டார். சொட்டு அப்படியே நின்றது.

"தம்பி, இது ஃபினிஷ் பண்ண தோல். மேல கலர் அடிச்சு, பியூன்னு பிளாஸ்டிக் மாதிரி ஒரு கோட்டிங் குடுத்திருக்காங்க. தண்ணியே இறங்கல, உன் மருந்து எப்படி இறங்கும்?"

பையன் என்னைப் பார்த்தான். பாயே தொடர்ந்தார்: "அழுக்கு போக மைல்டா சோப்பு வெச்சு துடை. வெயிலுக்கு மேல ஏதாவது பூசுறதுன்னா பூசு. அதுக்கு மேல கதை வேணாம்." அன்றைக்கு இன்டீரியர் கிளீனிங் மட்டும் செய்துகொண்டு போனார். பின்னால் அவர் அனுப்பி வைத்த வண்டிகள் நிறைய. இன்றைக்கு நாங்கள் சொட்டுத் தண்ணீர் சோதனையை எல்லா சீட்டிலும் செய்து காட்டுகிறோம். பாதிக்கு மேல் கார்களில் இருப்பது தோலே இல்லை, ரெக்ஸின். அதை யார் மனமும் நோகாமல் சொல்வது இன்னொரு கலை.

சிஎம்சியில் வேலை பார்க்கிற டாக்டர் ஒருவர் பட்டியலைத் திறக்கவே இல்லை. "இதைச் செய்யலைன்னா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். எந்தச் சப்ளையர் பயிற்சியிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தரவில்லை. அவருடைய வெள்ளை கார் மூடின பார்க்கிங்கில் நிற்பது. வெள்ளையில் வட்டக் கீறல் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் ஆகாது என்றேன். டாக்ஸி ஓட்டுகிற அண்ணன்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு வேண்டியது ஏசி வாடை போவதும் சீட் சுத்தமும். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை: பானட்டில் காய்ந்த சந்தனம், குங்குமம், பூசணிக்காய் தெறிப்பு. மஞ்சள் கறை வெயிலிலேயே வெளுத்துவிடும், சாயக் குங்குமம்தான் படுத்தும்.

கடைசியாக வாரன்டி அட்டை. ஐந்து வருஷம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வந்து பராமரிப்பு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு, ஒரு தடவை தவறினால் செல்லாது, உப்புக் கறைக்குப் பொருந்தாது என்பதெல்லாம் பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். நான் அதில் முக்கியமானதை மட்டும் தமிழில் ஒரு தாளில் அடித்து, பணம் வாங்குவதற்கு முன்னால் படிக்கக் கொடுக்கிறேன். ஓனருக்கு இதில் அரை மனசுதான். "இதைப் படிச்சா எவன்டா கோட்டிங் போடுவான்?" என்பார். முக்கால்வாசிப் பேர் படித்துவிட்டும் போடுகிறார்கள். சிலர் பாலிஷ் மட்டும் போதும் என்று கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு ஓனர் என்னோடு டீ குடிக்க வர மாட்டார்.