குறி தவறும் திசை

பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் விளையாட்டில், பேட்டருக்குக் கீழ்க்கையாகப் பந்தெறியும் பிட்சர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களிடம் பெற்றோர் வைக்கும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: வேகம் இருக்கிறது, குறிதான் தப்புகிறது, அதைச் சரிசெய்து கொடுங்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இதே கோரிக்கையோடுதான் என்னிடம் வந்து சேர்ந்தாள். வலக்கைப் பிட்சர், வயதுக்கு நல்ல உயரம், கை சுழலும் வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 40 அடி தூரத்தில் எறிந்து பழகியவள் பெண்களுக்கான முழுத் தூரமான 43 அடிக்கு மாறிய பருவத்தில் ஸ்ட்ரைக்குகள், அதாவது பேட்டர் அடிக்கத்தக்க எல்லைக்குள் வரும் பந்துகள், குறைந்தன. நான்கு பந்துகள் அந்த எல்லைக்கு வெளியே போனதால், பேட்டை அசைக்காமலேயே முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முதல் நிலைக்கு) நடந்து போகும் எதிரணியினர் பெருகினர். மைதானத்தின் ஓரத்திலிருந்து அவளுக்குக் கிடைத்த அறிவுரை எல்லாம் 'கவனமா போடு', 'மெதுவா போடு', 'ஸ்ட்ரைக் போடு' என்பவைதான். இவற்றுள் ஒன்றைக்கூட ஒரு பிட்சரால் செயலாக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்குக் கணக்கே போதும். பேட்டர் பக்கத்தில் நிற்கும் தரைப் பலகையான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது சுமார் 43 சென்டிமீட்டர். முன்காலை நீட்டி வைத்துப் பந்தை விடும் இடத்திலிருந்து பிளேட்டுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், நடுவை நோக்கிப் புறப்பட்ட பந்தின் திசை ஒரே ஒரு பாகை விலகினாலும் அது 21 சென்டிமீட்டர் தள்ளி, பிளேட்டின் விளிம்புக்குப் போய்விடும். உயரத்தின் கதை இன்னும் நுட்பமானது. காற்றாலைபோல முழு வட்டம் சுற்றி வரும் கை, இடுப்பருகே பந்தை விட வேண்டிய நொடியில்தான் உச்ச வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு பாகை என்பது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். சற்று முன்னதாக விட்டால் பந்து தாழும், பிந்தினால் ஏறும். இவ்வளவு குறுகிய நேரத்தைக் கவனத்தால் பிடித்துவிட முடியாது. ஒவ்வொரு முறையும் உடல் ஒரே விதமாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே முடியும்.

ஆகவே நான் முதலில் கேட்பது, எத்தனை பந்து தவறுகிறது என்பதை அல்ல. எந்தப் பக்கம் தவறுகிறது என்பதைத்தான். மேலும் கீழும் தவறுகிறவளுடைய சிக்கல் பந்தை விடும் நேரத்தில் இருக்கிறது. இடமும் வலமும் தவறுகிறவளுடைய சிக்கல் கையும் காலும் செல்லும் பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், ஒவ்வொரு பந்தும் வந்த இடத்தைச் சொல்லச் சொல்ல ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனபோது, அவளுடைய புள்ளிகள் பெரும்பாலும் அவளுக்கு வலப்பக்கம், அதாவது வலக்கை பேட்டரின் உடலையொட்டி, குவிந்தன. இடையிடையே சில பந்துகள் மட்டும் இடக்கோடியில் போய் விழுந்தன. அவை அவள் வேண்டுமென்றே கையை இழுத்துத் திருத்த முயன்றவை. தாழ்ந்த பந்துகளும் இருந்தன. கூடுதல் 3 அடியில் பந்து இன்னும் சற்றுக் கீழிறங்கத்தானே செய்யும்? எனவே அவற்றை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

காரணம் மண்ணில் எழுதியிருந்தது. பிட்சர் நின்று எறியத் தொடங்கும் பலகையான பிட்சர் பிளேட்டின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டின் நடுவரை ஒரு கயிற்றைப் பிடித்து, அதன் தடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு எறியச் சொன்னேன். அவளது இடக்கால் கோட்டைத் தாண்டி ஓர் உள்ளங்கை அகலம் வலப்பக்கம் இறங்கியது; பின்னால் இழுபட்டு வந்த வலக்கால் விரல்கள் நேர்கோடு கீறாமல் அரிவாள்போல வளைந்த தடத்தை விட்டிருந்தன. முன்கால் அப்படிக் குறுக்கே விழுந்தால் இடுப்பு கையின் வழியை அடைத்துக்கொள்ளும். கை இடுப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாகும். சுற்றி வரும் கை ஒருநாள்போல மறுநாள் வராது. சரி, கால் ஏன் குறுக்கே போகிறது? தொடக்கத்தில் பந்தைப் பின்னுக்கு ஓங்கும்போது அவளுடைய கை முதுகுக்குப் பின்னால் மறைந்தது, அதோடு தோளும் திரும்பியது, உடல் எடை சரிந்தது, காலும் அந்தச் சரிவைத் தாங்கப் போய் விழுந்தது. காலில் தெரிந்த கோளாறு, கால் அசைவதற்கு முன்பே கையில் பிறந்துவிட்டிருந்தது.

இதை அவளிடம் இப்படியே விளக்கியிருந்தால் தோள், இடுப்பு, கால் என்று ஒவ்வோர் உறுப்பையும் எண்ணிக்கொண்டே எறிந்திருப்பாள், இருந்த வேகமும் போயிருக்கும். தன் உறுப்பின் அசைவில் கவனம் வைப்பதைவிட, அந்த அசைவு வெளியே உண்டாக்க வேண்டிய விளைவில் கவனம் வைப்பவர்கள் பொதுவாக நன்றாகச் செய்கிறார்கள் என்பதைக் காப்ரியேலே வுல்ஃப் முதலானோரின் இயக்கக் கற்றல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. எனவே ஓங்குவதைச் சுருக்கச் சொல்லும் பொருட்டு நான் கொடுத்த சொல் ஒன்றுதான்: "பந்தை முதல்ல கேட்சருக்குக் காட்டும்மா, அப்புறம் சுத்து." பந்தை முன்னால் காட்ட வேண்டுமென்றால் கை முதுகுக்குப் பின்னால் ஒளிய இடமில்லை. கால் கோட்டுக்குத் தானாகவே வரத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் பேசுவதைக் குறைத்தேன். பந்து கேட்சரின் கையுறையில் விழுந்ததும் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்ப்பது அவள் பழக்கமாக இருந்தது. ஆட்டத்தின் நடுவே அந்த முகம் அவளுக்கு உதவாது. "எங்க போச்சு?" என்று மட்டும் கேட்பேன். "உள்ளே போயிடுச்சு சார்." "ஏன்?" முதலில் தோளைக் குலுக்கினாள். பிறகு குனிந்து கால் தடத்தைப் பார்த்துவிட்டு, "கோட்டைத் தாண்டிட்டேன்" என்றாள். அடுத்தடுத்த வாரங்களில் தடத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள்.

மூன்று 'பால்', அதாவது ஸ்ட்ரைக் எல்லையைத் தவறிய மூன்று பந்துகள், ஆகிவிட்ட நிலைதான் மிச்சமிருந்த தலைவலி. நான்காவது பாலும் தவறினால் பேட்டர் நடந்துவிடுவாள் என்ற பயத்தில் பிட்சர்கள் கையின் வேகத்தைக் குறைத்து, பந்தைக் கொண்டுபோய் வைக்கப் பார்ப்பார்கள். சுழற்சியின் தாளம் கெட்டு, பந்து முன்னிலும் மோசமாகத் தவறும். அவளும் அப்படித்தான். போதாக்குறைக்கு, 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை அந்தச் சிறிய கை பயத்தில் இறுக்கிப் பிடிக்க, பந்து விரலைவிட்டுப் பிந்திக் கிளம்பி பேட்டரின் தலைக்கு மேலே போனது. மெதுவாகப் போடு என்ற அறிவுரையை நான் வெறுப்பது இதனால்தான். பிட்சர் பிளேட்டில் ஏறுமுன் பந்தைக் கையில் ஒருமுறை உருட்டி விரல்களைத் தளர்த்திவிட்டு, முழு வேகத்தில் எறியும்படி பழக்கினேன். பயிற்சியிலும் பல சுற்றுகளை மூன்று பால் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கினோம்.

எறியும் பந்துகளின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவெனோ இரண்டே நாட்களில் 413 பந்துகள் எறிந்து தங்கம் வாங்கிக் கொடுத்தார். கீழ்க்கை வீச்சு தோளை வருத்தாது என்று நம்பும் பெற்றோர், இதைச் சொல்லித் தம் பிள்ளைகளையும் நாள் முழுக்க எறிய வைக்கிறார்கள். வளரும் தோளுக்கும் முழங்கைக்கும் அது ஆபத்து. குறியைப் பொறுத்தவரையிலும் அது வீண், ஏனென்றால் முதலில் களைப்பது கால்; கால் களைத்த பிட்சர் அதன்பின் எறியும் ஒவ்வொரு பந்திலும் பிழையைத்தான் மனப்பாடம் செய்கிறாள். கால் தடம் மறுபடி வளையத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்திவிடுவேன். அவளுக்கு அது பிடிக்காது.

கோடு நேரானபின் பிளேட்டின் இரு ஓரங்களையும், மேல் கீழ் உயரங்களையும் கேட்சர் கலந்து கலந்து காட்டத் தொடங்கினாள். ஒரே இடத்துக்குத் தொடர்ந்து எறிவதைவிட அன்றைய பயிற்சி அலங்கோலமாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தில் எந்தக் கேட்சரும் ஒரே இடத்துக்கே பந்து கேட்பதில்லை. வலப்பக்கக் குவியல் கரைந்துவிட்டது. தாழும் பந்துகளும் பெருமளவு குறைந்தன. வேகம் குறைந்து வர வேண்டிய சேஞ்ச்அப் பந்து மட்டும் இன்னும் பிளேட்டுக்கு முன்பே தரையில் குத்துகிறது. அதற்கும் கையின் வேகத்தைக் குறைக்கக் கூடாது, பிடியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை. இந்தப் பருவத்தில் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.