ஆசியாவுக்குப் போகாதபடி தடுத்த ஆவியானவர்

சில ஆண்டுகளுக்கு முன், என்னுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் தம் தாயாரை இழந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற பாரம் எனக்கு நெடுநாளாகவே இருந்தது. இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று நானே முடிவு செய்துகொண்டு, மதிய இடைவேளையில் அவர் எதிரே அமர்ந்து, மனப்பாடமாக வைத்திருந்த வசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை; கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். அதன் திரையில் அவருடைய தாயாரின் படம் இருந்ததை நான் எழுந்தபோதுதான் கவனித்தேன். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்டிருக்கவில்லை. அன்று நான் சொன்னவற்றில் பிழையான உபதேசம் எதுவும் இல்லை. ஆனால், பேசுவதா வேண்டாமா என்று கர்த்தரிடம் நான் கேட்கவே இல்லை.

அந்த உறுத்தலோடுதான், ஆதி சபையின் ஊழியத்தைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான அப்போஸ்தலருடைய நடபடிகளை மீண்டும் நிதானமாக வாசித்தேன். 16ஆம் அதிகாரத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். சுவிசேஷப் பயணத்தில் இருந்த பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் ஆசியா நாட்டில் (இன்றைய ஆசியக் கண்டம் அல்ல; இப்போதைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவராலேயே தடுக்கப்படுகிறார்கள்; பித்தினியாவுக்குப் போக முயன்றபோதும் அவர் இடங்கொடுக்கவில்லை. சுவிசேஷம் சொல்லப் போகிறவர்களை ஆவியானவரே தடுப்பாரா என்று முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். இறுதியில் துரோவா பட்டணத்தில், மக்கெதோனியாவுக்கு வந்து உதவும்படி வேண்டிய ஒருவனைப் பவுல் இரவில் தரிசனமாகக் காண்கிறார். கடல் கடந்து மக்கெதோனியாவின் பிலிப்பி பட்டணத்துக்குப் போய், ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம் பேசுகிறார்கள். அங்கே கர்த்தர் இருதயத்தைத் திறந்தருளிய லீதியாள் எந்த ஊரைச் சேர்ந்தவள் என்று பாருங்கள்: தியத்தீரா. பவுல் போக முடியாமற்போன அந்த ஆசியாவில் உள்ள ஊர் அது! பிற்பாடு அதே ஆசியாவின் எபேசுவில் பவுல் இரண்டு ஆண்டுகள் உபதேசித்ததால் அந்த நாட்டார் யாவரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று 19ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே அந்தத் தடை ஆசியாவைக் கைவிட்டதற்கு அடையாளமல்ல; அதற்குரிய வேளை வேறாக இருந்தது.

அதே புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தில் வரும் பிலிப்பு என்ற சுவிசேஷகரின் கதையும் இதற்கு நெருக்கமானதே. சமாரியாவில் திரளான ஜனங்கள் வசனத்தை ஏற்றுக்கொண்டிருந்த நேரத்தில், எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழிக்குப் போகும்படி அவருக்குக் கட்டளை வருகிறது. அங்கே காத்திருந்தது ஒரே ஓர் ஆத்துமா, இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி. பிலிப்பு ஓடிப்போய் முதலில் சொன்னது ஒரு கேள்வி: வாசிக்கிறவற்றின் கருத்து உமக்குத் தெரியுமா? அந்த மனிதர் ஏறி உட்காரும்படி வேண்டிக்கொண்ட பிறகே, அவர் கையிலிருந்த அதே வேதவாக்கியத்திலிருந்து இயேசுவைக் குறித்துப் பேசத் தொடங்குகிறார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏசாயாவைப் பிலிப்பு முன்பே அறிந்திருந்ததால்தான் அங்கிருந்து அவரால் தொடங்க முடிந்தது. தேவனுடைய நடத்துதலுக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லி வேதவாசிப்பில் சோம்பியிருப்பதற்கு இந்தப் பகுதி இடம் தருவதில்லை.

இன்னொரு பக்கம், கர்த்தர் சொன்னார் என்ற சொல்லை நாம் மிக எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம் என்பது என் கவலை. சில வேளை நம் அவசரத்துக்கும், சில வேளை நம் பயத்துக்கும் அது போர்வையாகிவிடுகிறது. துரோவாவில் தரிசனத்தைக் கண்டவர் பவுல் மட்டுமே. ஆனால் கர்த்தர் அழைக்கிறார் என்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டோம் என்றே அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்கிறார். உடனிருந்தவர்களும் சேர்ந்தே முடிவுக்கு வந்தார்கள். பாவத்தைக் குறித்து உணர்த்துவது ஆவியானவருடைய வேலை என்று யோவான் 16ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்க, அந்தச் சுமையை நான் என் தோளில் ஏற்றிக்கொண்டதே என் பேச்சை அவ்வளவு கடினமாக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னொரு நாள், உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் இரவு தங்க நேர்ந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். என் பையில் கைப்பிரதிகள் இருந்தன. எடுக்கலாமா என்று நினைத்தபோதெல்லாம் உள்ளத்தில் ஒரு தயக்கம் இருந்தது. அது ஆவியானவரின் தடைதான் என்று நான் சாதிக்க மாட்டேன். என் வாயைத் திறவும், அல்லது அடைத்துவையும் என்று காலையிலிருந்தே ஜெபித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் ஐயா என்று மட்டும் கேட்டேன். மனைவிக்காக என்றார், பிறகு அவர்களுடைய நாற்பது ஆண்டு வாழ்க்கையைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விடியும் வேளையில் அவராகவே, “அடிக்கடி கண்ணை மூடிக்கொள்கிறீர்களே, யாரிடம் பேசுகிறீர்கள்?” என்றார். இயேசுவைப் பற்றிச் சொன்னேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது. அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “அவளுக்காகவும் அவரிடம் சொல்லுங்கள்” என்றார். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன்.