ஆமூ தர்யாவின் கடைமடை

மே 14, 2024, தாஷ்கண்ட்

காலையிலிருந்து எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. சோர்சு சந்தைக்குள் நுழைந்ததுமே முதுகுக்குப் பின்னால் யாரோ "அக்கா, அக்கா" என்கிறார்கள். திரும்பினால் மூட்டை தூக்கும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். உஸ்பெக்கில் 'அகா' என்றால் அண்ணன்; நம் காதுக்கு அது அக்கா என்றே விழுகிறது. நான் இங்கே 'ஓபா'வாம். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் எல்லோருக்கும் அக்காவாகவே இருந்து பழகிய கழுத்து, சொன்னால் கேட்கவில்லை.

"ஹிந்துஸ்தான்?" என்று கேட்காத கடைக்காரர் கிடையாது. அடுத்த நொடி ராஜ் கபூர். பாதாம் விற்ற பெரியவர் இந்தியில் இரண்டு வரி பாடியே காட்டினார். அவருக்குத் தெரிந்த அளவு இந்திகூட எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கையில் திணித்த பாதாமை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டேன்.

டாக்சிக்காரர் ஒருவர் மூன்று மடங்கு கறந்துவிட்டார். அதிலும் ஊர் ஞாபகம்தான்.

மே 15, ரயிலில்

பிளாட்ஸ்கார்ட் என்பது நம்ம ஸ்லீப்பர் கோச்சேதான். பெட்டிக்கு 54 படுக்கை, சைடு பெர்த் உண்டு, நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்கள் உண்டு. கோடியில் எந்நேரமும் கொதிக்கும் வெந்நீர்க் கொதிகலன் மட்டும் நம்மிடம் இல்லாதது.

எதிர்ப் படுக்கைப் பாட்டி துணி முடிச்சை அவிழ்த்து ரொட்டியை எடுத்தாள். வட்ட ரொட்டி, நடுவில் முள் அச்சால் குத்திய பூ. பிய்த்து என் பக்கம் ஒரு துண்டு வைத்தாள். பேச்சுவாக்கில் நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, எட்டி நிமிர்த்தி வைத்தாள். சோற்றுத் தட்டைக் காலால் நகர்த்தினால் அம்மா முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போயிற்று அவள் முகம்.

கொஞ்ச நேரம் கழித்து போனில் ஒரு படம் காட்டினாள். சுவரில் ஆணி, ஆணியில் ரொட்டி, ரொட்டியில் ஒரு கடி. பேரன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகும்போது கடித்துவிட்டுப் போனது. திரும்பி வந்து மிச்சத்தை அவன்தான் தின்ன வேண்டும், அதுவரை தொங்கும். எத்தனை வருஷம் என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினாள்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டு ஆணிகளில் தொங்குவது பழைய சட்டை.

மே 17, மொய்னாக்

நூக்குஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஊர் எல்லைப் பலகையில் இன்னும் மீன் படம் இருக்கிறது. கடல்தான் இல்லை, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. ஏரல் கடல், ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி, என்று வரைபடத்தின் நீல நிறத்தில் தொட்டுக்காட்டிப் பாடம் நடத்தியவள் நான். தொட்டுக்காட்டிய இடத்தில் இன்று நின்றேன். செருப்புக்குள் மணல்.

தங்கியிருப்பது ஒரு பெரியவர் வீட்டில். எழுபது தாண்டியவர், இளவயதில் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர். வந்ததும் அவர் மனைவி பால் விட்ட டீ கொடுத்தார். தாஷ்கண்டில் மூன்று நாளாகப் பச்சைத் தேநீரைக் குடித்துச் செத்த நாக்குக்கு உயிர் வந்தது. குடித்தேன், உப்புக்கரித்தது. பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுளிப்பேனா என்று பார்க்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. எனக்கென்ன சுளிப்பு, எங்கள் தலைஞாயிறு பக்கம் கோடையில் அடிபம்பு டீ இதே ருசிதானே. கிண்ணத்தை நீட்டி இன்னொன்று கேட்டேன். மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

கிண்ணத்தில் ஒரு படம், கருநீலத்தில் வெள்ளைப் பருத்திக் காய் வெடித்து நிற்பது மாதிரி. இந்த நாடு முழுக்க டீக்கடையிலும் வீட்டிலும் இதே கிண்ணம்தான். இந்தக் கடலுக்கு வந்த ஆமூ தர்யா, சிர் தர்யா ஆறுகள் இரண்டையும் 1960களிலிருந்து வாய்க்கால் வெட்டித் திருப்பிக் குடித்தது அந்தப் பருத்தி. அதன் படம் போட்ட கிண்ணத்தில் இவர்கள் மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இதைப் பெரியவரிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாததா?

கடல் பின்வாங்கப் பின்வாங்க, படகு போக வழி வேண்டுமென்று ஊரே கடலைத் துரத்திக் கால்வாய் வெட்டியிருக்கிறது. வெட்டி முடிப்பதற்குள் கடல் இன்னும் தள்ளிப் போய்விடும். மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையை மூடக் கூடாதென்று தூரத்துக் கடல்களிலிருந்து உறைந்த மீனைக் கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் கடைமடைக்காரி என்று சொல்லத் துடித்தது. போனில் தமிழில் அடித்து ரஷ்யனுக்கு மாற்றினேன். படித்துவிட்டு, "என்ன விற்கிறாய்?" என்று கேட்டார். கடைமடையைக் கடை என்று எடுத்துக்கொண்டது அந்த ஆப்! எப்படிச் சொல்லியும் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் முற்றத்து மண்ணில் ஒரு குச்சியால் மலை போட்டேன், அணை போட்டேன், ஆறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று இழுத்து, கோடு மெலிந்து தீரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து நெஞ்சைத் தொட்டேன். குச்சியை வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே தன் ஆற்றை வரைந்தார். அதில் எத்தனை இடத்தில் வெட்டு! கோடு என் கோட்டைவிட இரண்டு முழம் நீளம். ஒரு இடத்தில் நின்றது. குச்சியைத் தூக்கி, வெறும் மண்ணைத் தாண்டி எட்டி, அங்கே புள்ளி வைத்தார்.

மே 18, மொய்னாக்

காலையில் கப்பல்களைப் பார்த்தேன். மேட்டிலிருந்து இறங்கினால் துருவேறிய கப்பல்கள் வரிசையாய் மணலில் குந்தியிருக்கின்றன. இரண்டு பேர் மேல்தளத்தில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது. பத்து நிமிஷத்தில் நானும் எடுத்துக்கொண்டேன்.

திரும்பியதும் அப்பாவுக்கு வீடியோ கால். மேட்டூரில் பாதிகூட இல்லை, ஜூன் 12 திறக்க மாட்டார்கள், குறுவை அவ்வளவுதான் என்று ஆரம்பித்தார். பெரியவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். போனை அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா தமிழில் பேசினார், இவர் கரகல்பாக்கில் பேசினார். சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே நம்பிக்கை. அப்பா போனைத் திருப்பி வறண்ட வாய்க்காலைக் காட்டினார். இவர் தெருவுக்கே நடந்துபோய்க் கப்பல் திசையைக் காட்டினார்.

"அவ்வளவு பெரிய கப்பலை எவன்மா கொண்டாந்து மணல்ல போட்டான்?"

"யாரும் போடலப்பா. தண்ணிதான் போயிடுச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இப்ப என்ன பயிர் வைக்கிறாங்களாம்?"

கேட்டுச் சொன்னேன். சக்சாவுல் என்று ஒரு பாலைவனச் செடி, கடல் தரையில் உப்புப் புழுதி பறக்காமலிருக்க நடுகிறார்கள்.

"அறுப்பு?"

"அறுப்பு கிடையாதுப்பா. புழுதி அடங்கினா போதுமாம்."

"அவர சாப்பிடச் சொல்லும்மா," என்றார் அப்பா. வேறென்ன சொல்வது என்று தெரியாதபோது அவர் சொல்வது அதுதான்.

மே 19, ரயிலில்

கிளம்பும்போது அந்த அம்மா செய்தித்தாளில் சுற்றி உப்புக் கண்ட மீன் கொடுத்தார். சுற்றுவட்டாரக் குட்டைகளில் பிடித்ததாம். கருவாட்டை மறைக்க முடியுமா? படுக்கை விரிப்பு கொடுக்க வந்த அம்மணி மூக்கைச் சுருக்கி, பையைப் பார்த்து, என்னைப் பார்த்து, நகர்ந்துவிட்டாள். நாகப்பட்டினம் பஸ்ஸில் கண்டக்டர் பார்க்கும் அதே பார்வை.

விளக்கை அணைத்த பிறகு யாரோ "ஓபா, ஓபா" என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் திரும்பவேயில்லை. மேல் படுக்கைப் பையன் தோளில் தட்டினான். ஒரு கையில் அரை ரொட்டி, இன்னொரு கையில் உரித்த வெங்காயம். பையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். செய்தித்தாளைப் பிரித்தேன். வாலை எடுத்துக்கொண்டு நடுத்துண்டை எனக்கு ஒதுக்கினான்.