எச்சில் ஊறுவதற்கு முன்னால்

காரைக்குடிப் பக்கம் யார் வீட்டிலாவது உப்புக்கறி கிளறினால், வரமிளகாயும் சின்ன வெங்காயமும் எண்ணெயில் வதங்கும் வாசனைக்கே வாய் ஊறிவிடும், இலை போடும்வரை யார் பொறுப்பது. அந்த எச்சிலைச் சுரக்கிற செல்கள் கருவில் எப்படி வந்தன என்பது இன்னும் சுவையான கதை.

மனிதக் கருவில் ஆறாவது வாரத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பி உருவாகும் வேலை ஆரம்பம். ஆனால் அதிகம் ஆராய்ந்தது சுண்டெலியில்தான். பதினொன்றரை நாள் கருவில், வாயின் உள்தோல் ஓரிடத்தில் தடித்து, அடியில் இருக்கும் மீசன்கைம் என்ற இளந்திசுவுக்குள் மொட்டாக இறங்குகிறது. மொட்டில் பிளவு விழும், கிளை பிரியும், பிரிந்த நுனி மறுபடி பிளக்கும். இத்தனைக்கும் தண்டு முழுக்கக் கெட்டிதான், உள்ளே துளை கிடையாது. 15 நாள் வாக்கில்தான் நடுவில் குழல் தெளிவாகத் திறக்கிறது. நுனிச் செல்கள் சுரக்கப் பழகுகின்றன, தண்டுச் செல்கள் நாளமாகின்றன.

சரி, கிளைவிடச் சொல்வது யார்? 1953-இல் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டீன் மொட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார், கிளை வரவில்லை. மீசன்கைமோடு சேர்த்ததும் வந்தது. அந்தத் திசு அனுப்பும் முக்கியமான சமிக்ஞைகளில் ஒன்று எஃப்ஜிஎஃப்-10 என்ற புரதம். அதன் மரபணு இல்லாத எலிக்கு உமிழ்நீர்ச் சுரப்பியே உருவாவதில்லை. மனிதரில் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே எச்சிலும் கண்ணீரும் வற்றிய பிறவிக் குறை வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1976-இல் சகாகுரா குழு செய்த சோதனை. எலிக்கருவின் பால்சுரப்பி எபிதீலியத்தை, அதாவது மொட்டாகிற அந்த மேல்படலத் திசுவை எடுத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் மீசன்கைமோடு சேர்த்தார்கள். கிளைத்தது அச்சு அசல் உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரி. ஆனால் பாலூட்டும் எலியின் உடலில் வைத்தபோது செய்தது பால் புரதம்! பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீட்டு வழக்கமெல்லாம் பழகிய பையன், தொழிலில் மட்டும் பெற்ற வீட்டுக் கையைக் காட்டுகிற மாதிரி. வடிவம் பக்கத்துத் திசுவிடமிருந்து, வேலை தன் வம்சத்திலிருந்து. இவை இரண்டும் சேர்ந்தே வரும் என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

பிறந்த பிறகும் மாற்றம் நிற்பதில்லை. பச்சைக் குழந்தையின் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் மிகக் குறைவு, மாதங்கள் போகப் போகத்தான் கூடும். மூன்று மாதக் குழந்தைக்கு ஜொள்ளு வடிந்தால் "பல்லு வருதுடா" என்பார் அப்பத்தா. பெரும்பாலும் பல் இல்லை, அப்பத்தா. சுரப்பி வேகமெடுத்துவிட்டது, பிள்ளைக்கு விழுங்கத்தான் இன்னும் சரியாக வரவில்லை.