மரவள்ளி ஆலை: இயந்திரத்துக்கு முன் கிழங்கின் கணக்கு

பிடுங்கிய இரண்டாம் நாளே மரவள்ளிக் கிழங்கின் உள்ளே கருநீலக் கோடுகள் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று நாள் தாண்டினால் நல்ல ஸ்டார்ச்சுக்கு, அதாவது கிழங்கு மாவுக்கு, ஆகாது. எடையிலும் நூற்றுக்கு 60 முதல் 65 கிலோ வெறும் தண்ணீர். இந்த இரண்டையும் மறந்து எங்கோ தூரத்தில் பெரிய ஆலையைக் கட்டினால், லாரி வாடகையில் பாதிக்கு மேல் தண்ணீரைச் சுமக்கவே போகும். லோடு தாமதமானால் ஆலையில் கழிவு பிடிப்பார்கள். அத்தனையும் சிறு விவசாயி தலையில்தான் விடியும்.

அதனால் தொலைவில் இருக்கும் வயல்களுக்குச் சிப்ஸ், அதாவது நறுக்கிக் காயவைத்த துண்டுகள்தான் வழி. தோல் சீவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் நறுக்கி, சிமெண்ட் களத்தில் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வரை பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டால் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். தடிமனாக நறுக்கினால் மேலே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும். மூட்டை கட்டியபின் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு டன் கிழங்கு ஏறக்குறைய 340 கிலோ சிப்ஸாகச் சுருங்குவதால் வண்டிச் செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. ஆனால் இது பெரும்பாலும் தீவனத்துக்கும் எரிசாராயத்துக்கும்தான் போகும். வெள்ளை ஸ்டார்ச்சுக்குப் பச்சைக் கிழங்கே வேண்டும்.

ஸ்டார்ச் ஆலை போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இயந்திரத்தில் அல்ல, கிழங்கு வரத்தில். நாளைக்கு 10 டன் அரைக்கும் ஆலை 300 நாள் ஓட 3,000 டன் வேண்டும். ஹெக்டேருக்கு 12 டன் விளைச்சல் என்றால் 250 ஹெக்டேர். எல்லோரும் ஒரே மாதத்தில் நட்டால் அறுவடையும் ஒரே சமயத்தில் குவியும். அப்போது விலை சரியும், மீதி மாதங்களில் ஆலை பூட்டிக் கிடக்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். நடவை மாதம் மாதமாகப் பிரித்து, எந்த வயல் எந்த வாரம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது மோட்டார் வாங்குவதைவிட முக்கியம். மழை திரும்பித் துளிர்விடும்போது செடி கிழங்கிலிருக்கும் மாவை இலைக்கு இழுத்துக்கொள்ளும் என்பதையும் அந்த அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலைக்குள்ளே கவனிக்க வேண்டிய இடம் கிழங்கைத் துருவும் பல் வைத்த உருளை. பல் மழுங்கினால் மாவு அடைந்திருக்கும் கிழங்கின் செல்கள் உடையாது. மாவு சல்லடையில் பாலாக இறங்காமல் திப்பியோடு, அதாவது சக்கையோடு, போய்விடும். திப்பி கூடி மாவு குறைகிறதென்றால் முதலில் பல்லைப் பாருங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் கிழங்கிலேயே இருக்கும் சயனைடு என்ற நஞ்சோடு சேர்ந்து மாவு நீலம் பாயும். தொட்டியில் படியவிட்ட பாலை மணிக்கணக்கில் கூடுதலாக விட்டால் புளித்து வாடை வரும். கழிவுநீரிலும் சயனைடு இருக்கிறது. அப்படியே வாய்க்காலில் விட்டால் கீழேயுள்ள வயல்காரருக்குத்தான் நாசம்.

விலைக்கு வருவோம். வெறும் எடைக்கு விலை கொடுப்பது நல்ல கிழங்கு கொண்டுவருபவருக்கு அநியாயம். 5 கிலோ கிழங்கைக் கழுவி, காற்றில் ஒருமுறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை போடுங்கள். தண்ணீரில் 550 கிராம் காட்டினால், 5-இல் 0.55 போக 4.45; 5-ஐ அதனால் வகுக்க ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது) 1.124. அதை 158.3 ஆல் பெருக்கி 142-ஐக் கழித்தால் உலர் பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, ஏறக்குறைய 36 சதவீதம். 450 கிராம்தான் காட்டினால் 32. டன்னுக்கு 40 கிலோ வித்தியாசம்! ஒரு தராசும் ஒரு வாளியும் போதும். விவசாயி பக்கத்தில் நின்று தானே கணக்குப் பார்க்கலாம். இதை மறைவில் செய்யும் ஆலையை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இன்னொன்று. கையால் துருவிய காலத்தில் அந்த வேலையும் அதன் காசும் பல இடங்களில் பெண்களிடம் இருந்தது. மோட்டார் வந்ததும் இயந்திரம் ஆண்கள் கைக்குப் போய், தோல் சீவும் கூலி மட்டும் பெண்களுக்கு மிஞ்சுகிறது. துருவல் இயந்திரத்தைப் பெண்கள் குழுவின் பேரிலேயே வாங்கி, ஓட்டவும் பல் மாற்றவும் அவர்களுக்கே பழக்க வேண்டும். சீவும் கூலி கிலோ கணக்கு என்றால், எடை போடுவதும் அவர்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும்.