கோழிக்குக் கூரையான கார்

வண்டியைப் பார்க்கப் போன அன்று முதலில் கண்ணில் பட்டது அதன் கூரைதான். காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்தில், கட்டுத்தறிக்கு அருகே, நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள். அடியில் ஏழெட்டு நாட்டுக்கோழிகள். பின்கண்ணாடி உடையாமல் இருந்தது, மேலெல்லாம் எச்சம்.

"ஏனுங்க ஆத்தா, இது காரோட டாப்புங்களா?"

"ஆமா கண்ணு. எஃப்.சி. காட்டறப்ப மட்டும் அவுரு எடுத்து மாட்டுவாரு. வந்ததீம் கழட்டிக் கோழிக்குப் போட்டுருவாரு."

வண்டி 1964 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. எனக்கு உண்மையில் ஆசை திறந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் மேல். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். அவிநாசி சாலை ஜி.டி. கார் மியூசியத்துக்கு மகளைக் கூட்டிப்போகிற சாக்கில் நாலு தடவை போனவன். ஆனால் ஃபவுண்டரி சூப்பர்வைசர் சம்பளத்தில் எம்.ஜி., ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் எல்லாம் விலை கேட்கக்கூட முடியாது. ஹெரால்டு அந்த ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன். 1959-இல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, கட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இரண்டுக்கும் உடம்பு வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. நம் ஊருக்கு மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-இல் கொண்டுவந்தது, 948 சி.சி. இன்ஜினோடு. உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து சேசிஸ்மேல் போல்ட்டில் மாட்டியிருப்பதால், ஸ்பேனர் இருந்தால் கூரையைக் கழற்றிவிடலாம். இந்தத் தோட்டத்துக்காரர் ஒரு வருஷம் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர், அந்த வாரமே கழற்றிவிட்டாராம்.

அவர் காலமாகி ரெண்டு வருஷம். ஆர்.சி. அவர் பெயரிலேயே கிடந்தது. பேரன் நேராக எனக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான்; நடக்காது. முதலில் படிவம் 31 போட்டு ஆத்தா பெயருக்கு மாற்றி, அதற்கப்புறம்தான் விற்றதைப் பதிகிற 29, 30. வாரிசுச் சான்று வாங்கியதையும் சேர்த்து மூன்று மாதம். 50 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். 2021-இல் வந்த விதி அது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி போய்வர வாங்குகிற வண்டிக்கு அது சரிப்படாது. பழைய பதிவிலேயே விட்டேன். பெரியவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் எஃப்.சி. புதுப்பித்து வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

விலை 2,60,000. பேரன் 3 லட்சத்தில் நின்றான். ஆத்தாதான், "அவுரு போனப்புறம் நீங்கதான் அதத் தொட்டுப் பாத்தீங்கொ, கொண்டுட்டுப் போங்க" என்று முடித்துவைத்தார்.

எடுக்கிற அன்று பேட்டரி செத்திருந்தது. காங்கயத்தில் புதுசு வாங்கினேன், கடைப் பையனே தோட்டத்துக்கு வந்து மாட்டிக்கொடுத்தான். பானெட்டை முன்பக்கமாகத் தூக்கியதும் வாயைப் பிளந்தான். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக எழுந்துவிடும்; முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. கிணற்றைச் சுற்றி ஒரே ஒடிப்பில் திருப்பினேன். 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டி.

ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து முகத்தில் அறைகிறது, தலைக்கு மேலே ஒன்றுமில்லை. ரோட்டோரக் காற்றாடிகள் எல்லாம் எனக்காகவே சுற்றுவது போலிருந்தது. அந்த மிதப்பில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி, ஏதோ ஒயர் என்று விட்டுவிட்டேன். 25 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, பொங்கலூருக்குப் பக்கத்தில் ரெண்டு இருமல் இருமி நின்றுபோனது.

பானெட்டைத் தூக்கினால் இரண்டு நாற்றம். ஒன்று பெட்ரோல். இன்னொன்று சுட்ட பேக்கலைட், அந்தக் காலத்து பிளாஸ்டிக். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் கார்புரேட்டரில் வாய் வைத்து ஊதவே தயாராக இருந்தார். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கோவை வந்து சேர்ந்தேன்.

பெட்ரோல் பம்பு இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற மெக்கானிக்கல் பம்பு. உள்ளே டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு. அந்தக் காலத்து ரப்பர், இப்போது பங்கில் போடுகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது. ஊறி, தளர்ந்து, கிழிந்துவிட்டது. கிழிந்த பம்பு வெளியே ஒழுகுவதோடு நிற்காது, உள்ளே ஆயிலிலும் பெட்ரோலை இறக்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தேன், பங்கில் நிற்பது போலவே இருந்தது. ஆயிலை மாற்றாமல் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். எத்தனாலுக்குத் தாங்குகிற டயாஃப்ரம், ஓஸ் எல்லாம் போட்டு அதை முடித்தோம்.

சிவப்பு விளக்குக்குக் காரணம் பேட்டரிப் பையன். பாவம், அவன்மேல் தப்பில்லை. இந்த வண்டியில் பாடிக்குப் போவது பாசிட்டிவ். அவன் எல்லா வண்டிக்கும் போல நெகட்டிவைப் பாடியில் கொடுத்துவிட்டான். இன்ஜினுக்கு அது பெரிய விஷயமில்லை, எப்படிக் கொடுத்தாலும் ஓடும். அதனால்தான் எனக்கும் உறைக்கவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவுக்குத்தான் திசை உண்டு. பேட்டரியும் டைனமோவும் எதிரெதிராய் முட்டிக்கொண்டு, இரண்டையும் சேர்த்துப் பிரிக்கிற கட்-அவுட் சுவிட்ச் கருகிவிட்டது. இனி எவன் பேட்டரி மாட்டினாலும் இதே கதைதான் நடக்கும் என்று யோசித்து, வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டேன். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற காயிலின் ஒயர் ரெண்டையும் இடம் மாற்றவேண்டும். டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி லைனை ஒரு நொடி தொட்டு எடுத்தால் ஒரு பொறி பறக்கும். அதோடு டைனமோ திசை மாறிக்கொள்ளும்.

இதெல்லாம் சில்லறை. பெரியது பின்னால் வந்தது.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியையும் மகளையும் மருதமலைக்குக் கூட்டிப்போய், மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்தேன். ஸ்டியரிங் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மெக்கானிக் அண்ணன் அம்பாசிடர் பார்த்துப் பழகிய கை. "கிரீஸ் அடிச்சா சரியாப் போயிருமுங்க. முன்னாடி இருந்தவரும் நல்லா அடிச்சு வெச்சிருக்காரு பாருங்கொ" என்று காட்டினார். முன் சக்கரத்துக்குக் கீழே கிரீஸ் பிதுங்கிக் காய்ந்திருந்தது.

அன்று இரவு டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த, ஓரமெல்லாம் எலி கடித்த கம்பெனிக் கையேட்டைப் புரட்டினேன். ஆயில், கிரீஸ் பட்டியலில் அந்த இடத்துக்கு மட்டும் கிரீஸ் இல்லை. கியர் ஆயில், 90. நான் இரண்டு தடவை படித்தேன்.

விஷயம் இதுதான். முன் சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஒரு இரும்புத் தண்டு, வெர்டிகல் லிங்க். அதன் அடிமுனையில் மரை. அது ட்ரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. ஆயில் மரைக்குள் இறங்கும், கிரீஸ் இறங்காது. வாயிலேயே நின்று இறுகி, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. மரை துருப்பிடித்து ஒரு நாள் தண்டு முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

இரண்டு பக்கமும் கழற்றினோம். ட்ரன்னியனுக்குள் இருந்த கிரீஸ் காய்ந்த புண்ணாக்கு மாதிரி கட்டிக்கட்டியாக வந்தது. தண்டைப் பெட்ரோலில் கழுவியதும் மரையில் செம்புள்ளிகள். மெக்கானிக் அண்ணன், "எமரி போட்டுத் தேச்சுப் போடலாமுங்க" என்றார். நான் சாக்கில் சுற்றி வேலைக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஃபவுண்டரியில் பம்பு பாடியில் விரிசல் பார்க்க டை அடிப்பது தினப்படி வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் பெஞ்சில் வைத்தேன். கிளீனர் அடித்துத் துடைத்து, சிவப்பு டை அடித்து, பத்து நிமிஷம் விட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடிக்கவேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த சிவப்பு மெல்லக் கசிந்து வெளியே வரும்.

வலது பக்கத்துத் தண்டு வெள்ளையாகவே இருந்தது. இடதில், மரை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிவப்பு மயிர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. அரை அங்குலம். பக்கத்தில் நின்ற பையன், "ரிஜெக்ட்டுங்களா சார்?" என்றான், ஏதோ பம்பு பாடி என்று நினைத்து. எனக்கு மருதமலை இறக்கத்தில் கடைசி வளைவு ஞாபகம் வந்தது. இடது பக்க சீட்டில், அம்மா மடியில் மகள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்காரி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள், நடக்கட்டும்.

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. வாங்கவில்லை. அதற்கும் எவனோ கிரீஸ் அடித்திருப்பான். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வகை முன் சஸ்பென்ஷன் என்பதால் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, கஸ்டம்ஸ் கட்டியது போக 38,000 ரூபாய், ஆறு வாரம். புஷ்களைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். அதற்கு ஒரு சாயங்காலமும் 900 ரூபாயும். தனியாக ஒரு கிரீஸ் கன் வாங்கி, அதில் கியர் ஆயிலை ஊற்றி, மேலே பெயின்டில் 'கிரீஸ் போடாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் இப்போது ஒரு விரலுக்குத் திரும்புகிறது.

மிச்சம் இருந்தது கூரை. எஃப்.சி. முடிய நாலு மாதம்தான். ஆர்.சி.யில் சலூன் என்று இருக்கிற வண்டியைத் திறந்தபடி கொண்டுபோய் நிறுத்த முடியாது. பெரியவர் செய்தது போல மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். கோழிகளுக்கு மாற்றாக ஒரு தகர ஷீட் வாங்கி ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, போன வாரம் ஹெரால்டிலேயே காங்கயம் போனேன். ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். மோர் கொடுத்தார். பேரனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையைத் தூக்கினோம். கோழிகள் சிதறி ஓடின, ஒன்று மட்டும் அசையவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சீறியது.

"அட, வெச்சுருங்க கண்ணு, வெச்சுருங்க. அது நேத்துத்தான் அடைக்கு உக்காந்துச்சு. இருவத்தோரு நாள் போவட்டும்."

மெதுவாக இறக்கி வைத்தோம். தகர ஷீட்டைக் கட்டுத்தறிச் சுவரோரம் சாத்திவிட்டு, திறந்த வண்டியில் காற்றுக்கு எதிரே திரும்பி வந்தேன்.